தம்பியின் கட்டுரையில் நீ போட்ட திருத்தங்கள்

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடி ஏறுகிறார். மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். இப்போது எழுதுவது தம்பியின் விண்ணப்பக் கட்டுரையைப் பற்றி. அதாவது அதில் நீ போட்ட திருத்தங்களைப் பற்றி. வேறு எதைப் பற்றியும் இல்லை.

கோப்பு எனக்கு எப்படி வந்தது என்று யோசிக்காதே. அவன் புகார் சொல்லவில்லை. "இதில் இருக்கும் எல்லாத் திருத்தத்தையும் ஒரே அடியாக ஏற்றுக்கொள்வது எப்படி?" என்று கேட்டு அனுப்பினான், அவ்வளவுதான். அந்தக் கேள்விதான் எனக்கு உறுத்துகிறது. தான் எழுதியதில் யார் கைவைத்தாலும் வரிக்கு வரி மல்லுக்கு நிற்கிற பிள்ளை, படித்துக்கூடப் பார்க்காமல் அத்தனையையும் ஏற்றுக்கொள்கிறேன் என்கிறான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேதிகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாய். எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறாய். அட்டவணையில் இருக்கும் எண்ணும் உரையில் சொன்ன எண்ணும் ஒத்துப்போகாத இடத்தைப் பிடித்திருக்கிறாய். அது சாதாரணக் கண்ணுக்குத் தப்பிவிடும். 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' தடுமாற்றத்தையும் சரிசெய்திருக்கிறாய். இந்த வேலையில் உன்னைக் குறை சொல்ல ஆள் கிடையாது.

ஆனால் 'ஆர்கனைஸ்' வருகிற இடத்தில் எல்லாம் இஸட்டை அடித்து எஸ் போட்டு, ஓரத்தில் 'பிரிட்டிஷ் எழுத்துமுறை' என்று குறித்திருக்கிறாயே, அது எதற்கு? இஸட் அமெரிக்கர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இன்றைக்கும் அந்தச் சொல்லை இஸட்டோடுதான் தருகிறது. அதே ஆக்ஸ்ஃபோர்டு முறையில் 'அனலைஸ்' மட்டும் எஸ்ஸோடு வரும், ஏனென்றால் அதன் ஈறு வேறு. தம்பி இரண்டையும் அப்படியேதான் எழுதியிருந்தான். கட்டுரையின் பாதியில் ஒன்று, மீதியில் இன்னொன்று என்று கலந்திருந்தால் நீ கைவைக்கலாம். சீராக இருக்கும்போது வைக்கக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் பத்தியில் 'ஐ ஃபெயில்ட் டு ஃபுல்லி அண்டர்ஸ்டாண்ட்' என்று எழுதியிருக்கிறான். முதலில் தனக்கு முழுதாகப் புரியவில்லை, ஓரளவுதான் புரிந்தது என்று நேர்மையாகச் சொல்கிறான். நீ 'டு'வையும் வினையையும் பிரிக்கக் கூடாது என்று 'ஃபுல்லி'யை முன்னால் தள்ளி, 'ஐ ஃபெயில்ட் ஃபுல்லி டு அண்டர்ஸ்டாண்ட்' ஆக்கிவிட்டாய். இப்போது வாசித்துப் பார். 'ஃபுல்லி' எதோடு ஒட்டுகிறது? 'ஃபெயில்ட்' என்பதோடும் ஒட்டும். அப்படி ஒட்டினால், அவன் ஒன்றுமே விளங்காமல் முழுத் தோல்வி அடைந்தான் என்றாகிவிடும். விதியைக் காப்பாற்றப் போய் அர்த்தத்தைக் கைவிட்டிருக்கிறாய்.

அந்த விதியின் வயது என்ன தெரியுமா? ராபர்ட் லௌத் என்கிற பாதிரியார் 1762இல் எழுதிய இலக்கண நூல்தான் பல தலைமுறைப் பள்ளிப்பிள்ளைகளுக்கு அடிப்படை. அதில் இந்த விதி கிடையாது. 19ஆம் நூற்றாண்டில்தான் ஆட்சேபம் கிளம்புகிறது. 1864இல் ஹென்றி ஆல்ஃபர்ட் என்ற இன்னொரு பாதிரியார் அதைக் கண்டித்து எழுதினார், பிறகு பள்ளிக்கூடங்கள் பிடித்துக்கொண்டன. லத்தீனில் இன்ஃபினிட்டிவ், அதாவது ஆங்கிலத்தில் 'டு'வோடு வரும் வினை வடிவம், ஒற்றைச் சொல், அதைப் பிரிக்க முடியாது, அதனால் ஆங்கிலத்திலும் பிரிக்கக் கூடாது என்று ஒரு காரணம் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அது இரண்டு சொல்லாக இருக்கும்போது லத்தீனுக்கு இங்கே என்ன வேலை? ஆங்கில வழக்கு அகராதி எழுதிய ஃபௌலர் 1926இல் இந்த விஷயத்தில் ஆங்கிலம் பேசுகிறவர்களை ஐந்து வகையாகப் பிரித்தார். தெரியாது, கவலையும் இல்லை என்கிறவர்கள். தெரியாது, ஆனால் ரொம்பக் கவலைப்படுகிறவர்கள். தெரிந்து கண்டிப்பவர்கள். தெரிந்து ஏற்பவர்கள். தெரிந்து, இடம் பார்த்து முடிவு செய்கிறவர்கள். நீ ஐந்தாம் வகையில் இருக்க வேண்டியவள். பிடிவாதத்துக்குப் பேர்போன லண்டன் 'எகனாமிஸ்ட்' இதழே 2018இல் தன் நடைக் கையேட்டில் இந்தத் தடையைத் தளர்த்திவிட்டது.

இதே மாதிரிதான் 'த ப்ராப்ளம் ஐ ஸ்டார்டட் வித்'. வாக்கியம் 'வித்' மாதிரி ஒரு பிரிபொசிஷனில் முடிகிறது என்று 'த ப்ராப்ளம் வித் விச் ஐ ஸ்டார்டட்' ஆக்கியிருக்கிறாய். தப்பில்லை, ஆனால் விறைத்துப் போய் நிற்கிறது. அவன் நடையில் இல்லாத ஒரு சட்டையை அந்த ஒரு வரிக்கு மட்டும் மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. 1672இல் கவிஞர் ஜான் டிரைடன், தனக்கு முந்தைய தலைமுறை நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் வரியில் குறை கண்டுபிடிக்கக் கிளப்பிய விஷயம் இது. பிற்பாடு தன்னுடைய பழைய கட்டுரையை மறுபதிப்புக்குக் கொடுக்கும்போது அதிலிருந்த அத்தகைய வரிகளையும் மாற்றி எழுதினார். லௌத்கூட இதைப் பிழை என்று சொல்லவில்லை. பேச்சிலும் சாதாரண நடையிலும் இது இயல்பு, கம்பீரமான நடைக்கு மற்றது பொருந்தும் என்றார். அதைச் சொன்ன வாக்கியத்திலேயே ஒரு பிரிபொசிஷனைக் கடைசியில் தொங்க விட்டிருக்கிறார். 'லுக் ஆஃப்டர்', 'புட் அப் வித்' மாதிரி வினையோடு ஒட்டிப் பிறந்தவற்றைப் பிரித்து முன்னால் கொண்டுவந்தால் வாக்கியமே உடைந்துவிடும். அங்கே முயற்சியே செய்யாதே.

'அண்ட்', 'பட்' என்று வாக்கியத்தைத் தொடங்கியதை எல்லாம் அடித்திருக்கிறாய். 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளின் முதல் அதிகாரத்தைத் திறந்து பார். வசனத்துக்கு வசனம் 'அண்ட்'. இதற்கு மேல் இதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

'தே'யைப் பற்றிப் பேச வேண்டும். 'இஃப் எ ஸ்டூடன்ட் லூசஸ் தேர் வே' என்று எழுதியிருந்தான். நீ 'ஹிஸ்' ஆக்கியிருக்கிறாய். ஒருவரைக் குறிக்கும் 'தே' இப்போது முளைத்த நாகரிகம் என்று நினைக்கிறாய் போல. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டும் பழைய சான்று 1375ஐ ஒட்டிய ஒரு செய்யுள் கதையில் இருக்கிறது. நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் தாராளமாக எழுதியிருக்கிறார். பொதுவாகச் சொல்லும்போது 'ஹி'யே இரு பாலுக்கும் போதும் என்று இலக்கண நூலில் எழுதிவைத்தது 1740களில்தான். எழுதியவர் ஆன் ஃபிஷர், பள்ளிக்கூடம் நடத்திய பெண்மணி. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பாற் சொல் பெண்ணையும் சேர்த்துக் குறிக்கும் என்று சட்டமே போட்டது. ஆக, இங்கே புதுசு எது, பழசு எது?

'தே' பன்மை, அதை ஒருவருக்கு எப்படிப் போடுவது என்று நீ கேட்பாய். 'யூ'வும் பன்மைதான். 'தௌ' என்று ஒருமைக்குத் தனியாக ஒரு சொல் இருந்தது. ஒருவரைப் போய் 'யூ' என்பதா என்று கொதித்து, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் 1660இல் இதற்காகவே ஒரு பெரிய நூல் போட்டார். அவர் பக்கம் தர்க்கம் இருந்தது, ஆனால் ஊர் அந்தப் பக்கம் போகவில்லை. ஒருவரைச் சொன்னாலும் 'யூ ஆர்' என்கிறோம், 'யூ இஸ்' என்பதில்லை. 'தே'யும் அப்படித்தான், 'தே ஆர்'. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடு, ஆய்வு எழுதுகிற பலர் பின்பற்றுவது, 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் ஒருமை 'தே'யையே எழுதச் சொல்கிறது. தம்பியின் விண்ணப்பத்தைப் படிக்கப்போகும் குழுவில் அந்த 'ஹிஸ்' யார் கண்ணிலாவது உறுத்தும். 'தேர்' உறுத்த வாய்ப்பு குறைவு. சண்டையே வேண்டாம் என்றால் 'ஸ்டூடன்ட்ஸ்' என்று பன்மை ஆக்கிவிடலாம். அதையும் அவனைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். மாற்றாதே, கேள்.

அந்த 'ஃபுல்லி'யைத் தவிர, இதுவரை சொன்னதெல்லாம் ருசி சம்பந்தப்பட்டவை. இனிச் சொல்வது அப்படி இல்லை. கோபப்படாமல் படி.

அவன் எழுதியது: 'மை சூப்பர்வைசர், ஹூ ஐ பிலீவ் இஸ் ரைட்'. நீ 'ஹூ'வை 'ஹூம்' ஆக்கிவிட்டாய். 'ஐ பிலீவ்' நடுவில் வந்து கண்ணை ஏமாற்றியிருக்கிறது. அதைத் தூக்கிவிட்டுப் பார்: 'ஹூ இஸ் ரைட்'. இன்னொரு சோதனை, அந்த இடத்தில் 'ஹி', 'ஹிம்' இரண்டையும் வைத்துப் பார்ப்பது. 'ஐ பிலீவ் ஹி இஸ் ரைட்' என்போமா, 'ஐ பிலீவ் ஹிம் இஸ் ரைட்' என்போமா? 'ஹி' வந்தால் 'ஹூ', 'ஹிம்' வந்தால் 'ஹூம்'. அவன் எழுதியது சரி, நீ ஆக்கியது பிழை. 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்று சொல்வதும் இதே வியாதி. பிழை வந்துவிடுமோ என்ற பயமே பிழையைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 1921இலேயே, இன்னும் இருநூறு ஆண்டில் கேள்வி வாக்கியத்தின் தொடக்கத்தில் 'ஹூம்' சொல்ல எவ்வளவு படித்த நீதிபதியும் இருக்கமாட்டார் என்று எழுதிவிட்டார். பாதிக் காலம் போய்விட்டது, பேச்சில் ஏறக்குறைய அப்படித்தான் ஆகியிருக்கிறது. எழுத்தில், பிரிபொசிஷனுக்கு அடுத்து வரும் இடத்தில் மட்டும் 'ஹூம்' இன்னும் உறுதியாக நிற்கிறது. சந்தேகம் வந்தால் 'ஹூ' போடு. தவறான 'ஹூ' யார் கண்ணிலும் படாது, தவறான 'ஹூம்' பல்லிளிக்கும்.

பிறர் எழுத்தைத் திருத்துகிற வரியில் திருத்துகிறவர் தானே ஒரு பிழை செய்வார் என்பதற்கு எடிட்டர்கள் மத்தியில் ஒரு விளையாட்டு விதியே உண்டு. ஜான் பேங்ஸண்ட் என்ற ஆஸ்திரேலிய எடிட்டர் 1992இல் அதற்கு 'மஃப்ரி விதி' என்று பெயர் வைத்தார். தப்பு நடக்க வழி இருந்தால் நடந்தே தீரும் என்கிற 'மர்ஃபி விதி'யின் பெயரைத்தான் வேண்டுமென்றே பிழையாக எழுதினார். எல்லோருக்கும் நடப்பதுதான், பெரிசாக எடுத்துக்கொள்ளாதே.

இதைவிடப் பெரியது மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. 'த சாம்பிள்ஸ், விச் வேர் டேமேஜ்ட், வேர் டிஸ்கார்டட்'. இரண்டு கமாவுக்கு நடுவே 'விச்' வந்தால், மாதிரிகள் அத்தனையும் சேதமடைந்தன, அத்தனையையும் எறிந்தார்கள் என்று பொருள். நீ 'விச்' கூடாது 'தட்'தான் என்று மாற்றி, கமாக்களையும் எடுத்துவிட்டாய். இப்போது, சேதமான மாதிரிகளை மட்டும் எறிந்தார்கள், மற்றவை இருக்கின்றன என்று ஆகிறது. இது இலக்கணத் திருத்தம் இல்லை, ஆய்வில் என்ன நடந்தது என்பதையே மாற்றுவது. அவனும் கமாவைத் தவறாகப் போட்டிருக்கலாம். அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

கட்டுப்படுத்தும் தொடருக்குத் 'தட்', கூடுதல் தகவலுக்கு 'விச்' என்று பிரித்துக்கொண்டால் வசதியாக இருக்குமே என்று ஃபௌலர் 1926இல் ஒரு யோசனையாகத்தான் சொன்னார். நல்ல எழுத்தாளர்கள் அப்படி எழுதுவதாகச் சொல்லிக்கொண்டால் அது பொய் என்றும் ஒப்புக்கொண்டார். அமெரிக்க எடிட்டர்கள் அந்த யோசனையை விதியாக்கிக்கொண்டார்கள். பிரிட்டனில் இன்றும் கமா இல்லாத 'விச்' சர்வசாதாரணம். எங்கே வேலை செய்தாலும் கவனிக்க வேண்டியது கமாவைத்தான்.

பாஸிவை, அதாவது செயப்பாட்டு வினையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'த டேட்டா வேர் கலெக்டட்' என்பதை 'வி கலெக்டட் த டேட்டா' என்று மாற்றியிருக்கிறாய். யார் அந்த 'வி'? முதல் பக்கத்தில், தரவைத் திரட்டியது வேறு குழு, தான் அலசியது மட்டுமே என்று அவன் எழுதியிருக்கிறான். செய்தவர் யார் என்று அந்த வரி சொல்லாத இடத்தில் ஓர் எழுவாயை நீயே உண்டாக்கி உட்கார வைத்துவிட்டாய். இன்னோர் இடத்தில் 'தேர் வேர் டிலேஸ்' என்பதற்குப் பக்கத்தில் 'பாஸிவ்' என்று குறித்திருக்கிறாய். அது பாஸிவே இல்லை. 'பி' வினையும் அதற்குப் பின்னால் வினையின் மூன்றாம் வடிவமும் சேர்ந்து வந்து, செயலுக்கு ஆளானது எழுவாயாக நின்றால்தான் பாஸிவ். மந்தமாகத் தெரிகிற வரியெல்லாம் பாஸிவ் ஆகிவிடாது.

வேடிக்கை என்னவென்றால், நீயே உன் குறிப்பில் 'த செக்ஷன் இஸ் பீயிங் ரீரிட்டன்' என்று எழுதியிருக்கிறாய். அந்த 'இஸ் பீயிங்' வடிவம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டியது. அதற்கு முன் வீடு கட்டப்படுகிறது என்பதற்கு 'த ஹவுஸ் இஸ் பில்டிங்' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள் பலர் இதை மொழியைக் கெடுக்க வந்த அசிங்கம் என்று திட்டித் தீர்த்தார்கள். இன்றைக்கு அதில் சண்டை போட என்ன இருந்தது என்றே நமக்குப் புரியாது. எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்டுக்கு, கும்பலைக் குறிக்கும் 'மாப்' என்ற சொல் ஆகாது, லத்தீன் தொடரை வெட்டிக் கொச்சையாக்கியது என்று 1710இல் எழுதினார். மொழியை நிலைப்படுத்த ஓர் அமைப்பு வேண்டும் என்று 1712இல் அமைச்சருக்கு விண்ணப்பமே போட்டார். பிரெஞ்சுக்காரர்களுக்கு 1635 முதல் அகாதமி இருக்கிறது, ஆங்கிலத்துக்குக் கடைசிவரை அமையவில்லை. மொழியை நிறுத்திப் பிடிக்கலாம் என்று நம்பித்தான் சாமுவேல் ஜான்சனும் அகராதி வேலையைத் தொடங்கினார். 1755இல் அது வெளிவந்தபோது முன்னுரையில் அந்த நம்பிக்கை வீண் என்று எழுதிவிட்டார்.

எது எழுதினாலும் சரி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அந்தக் கட்சியில் நான் இல்லை. இரட்டை எதிர்மறையை 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் எழுதினார், இன்றும் பல வட்டாரப் பேச்சில் அது ஒழுங்கான இலக்கணம். ஆனால் விண்ணப்பத்தில் எழுதினால் வேலை போய்விடும். பிழை இல்லாத ஒன்றுக்கும் சில இடங்களில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். அதைத் தம்பிக்கு எடுத்துச் சொல்வது உன் கடமை. 'இது தப்பு' என்று சொல்வது வேறு, 'இந்தக் குழு இதை இப்படி எடுத்துக்கொள்ளக்கூடும்' என்று சொல்வது வேறு.

இத்தனைக்கும் நடுவே, கைவைத்தே ஆகவேண்டிய மூன்று இடத்தை நீ தாண்டிப் போய்விட்டாய். உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை.

ஒன்று, 'ஆஃப்டர் கூலிங் ஓவர்நைட், ஐ வெயிட் த சாம்பிள்ஸ்'. இந்த வாக்கியப்படி ராத்திரி முழுக்க ஆறிக் குளிர்ந்தது உன் தம்பி, மாதிரிகள் இல்லை. முன்னால் வரும் தொடருக்கு எழுவாய் இல்லாவிட்டால், அடுத்து முதலில் நிற்கும் பெயர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 'ஆஃப்டர் த சாம்பிள்ஸ் ஹேட் கூல்ட் ஓவர்நைட்' என்று வைத்தால் தீர்ந்தது.

அடுத்தது இன்னும் மோசம். 'த லீக் மே ஹேவ் டெஸ்ட்ராய்ட் த லேப்' என்று எழுதியிருக்கிறான். நல்ல வேளை, கசிவைச் சமயத்தில் பார்த்துவிட்டார்கள், இல்லாவிட்டால் ஆய்வகமே போயிருக்கும் என்று சொல்ல வருகிறான். அதற்கு 'மைட் ஹேவ்' வேண்டும். 'மே ஹேவ்' என்றால், ஆய்வகம் அழிந்ததா இல்லையா என்று எழுதுகிறவனுக்கே இன்னும் தெரியாது என்று பொருள். இந்த வேறுபாடு இப்போது பலர் எழுத்தில் மங்கிக்கொண்டு வருகிறது, நாளிதழ்களிலும் பார்க்கலாம். ஆனாலும் இந்த ஒரு வரியில் அது போனால் வாசிப்பவர் தடுக்கி விழுவார்.

மூன்றாவது, கடைசிப் பத்தியில் தன் பொறுப்புகளை அடுக்குகிற பட்டியல். கடைசி இரண்டும் ஒரே வேலையா, இரண்டு வேலையா என்று தெரியவில்லை. ஒரு கமா வைத்தால் போதும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டம் ஒன்றில், கூடுதல் நேரச் சம்பளம் கிடைக்காத வேலைகளின் பட்டியலில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று வரும். 'ஷிப்மென்ட்' என்பதற்குப் பின் கமா இல்லை. அதனால் விநியோகம் தனி வேலையா, அல்லது விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவது மட்டுமா என்று பால் வண்டி ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. 2018இல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. கமாவுக்காக நான் வரிந்து கட்டுவதைப் பார்த்துச் சிரிக்காதே.

இப்போது, அடுத்த முறை எதைச் செய்வது என்று சொல்கிறேன். பேனாவைத் தொடாமல் முழுதாக ஒரு முறை படி. எழுதியவன் நடை எது, இறுக்கமா தளர்வா என்று காதில் பிடிபடட்டும். இரண்டாம் முறை படிக்கும்போது பொருள் பிறழ்கிற இடங்களை மட்டும் குறி. அதில் உனக்கு உறுதியாகத் தெரிந்ததைத் திருத்து, தெரியாததைக் கேள்வியாக ஓரத்தில் எழுது. மூன்றாம் முறையில்தான் எழுத்துமுறை, எண், தேதி, தலைப்பு ஒழுங்கு எல்லாம். மீதி இருப்பது உன் ருசி. அதைத் தொடாதே. தொட்டே ஆகவேண்டும் என்று கை அரித்தால், அந்த விதி எந்த ஆண்டில் யார் சொன்னது என்று முதலில் பார். மெரியம்-வெப்ஸ்டர் 1989இல் போட்ட ஆங்கில வழக்கு அகராதி அதற்கென்றே இருக்கிறது, ஒவ்வொரு சர்ச்சைக்கும் வரலாறும் மேற்கோளும் தரும். அது போதாவிட்டால், தற்கால அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பான 'கோகா'வில் இரண்டு வடிவத்தையும் தேடு. தேடும்போது மொத்த எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதே. பேச்சு, நாளிதழ், ஆய்விதழ் என்று பிரித்துக் காட்டும், அதில் ஆய்விதழ் கட்டத்தைப் பார். இரண்டு வடிவமும் அங்கே கணிசமாக இருந்தால், எழுதியவன் எதை எழுதினானோ அதுவே இருக்கட்டும்.

நடைக் கையேட்டைப் பிடித்துக்கொள்வாய், தெரியும். கையேடும் நகர்கிறது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் கையேடு 2011இல் 'இமெயில்' நடுவே இருந்த சிறுகோட்டை எடுத்தது. 'நல்லபடியாக நடக்கும் என்று நம்புகிறோம்' என்ற பொருளில் வரும் 'ஹோப்ஃபுலி'யை 2012இல் ஏற்றது, 'மோர் தேன்' இடத்தில் 'ஓவர்' வரலாம் என்று 2014இல் சொன்னது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு இன்றைய எழுத்தை அடித்தால் அடிபடுவது யார்?

நம் குடும்ப அரட்டைக் குழுவில் வருகிற செய்திகளைப் பற்றி ஒன்றும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். சொல்லிவிடுகிறேன். அரட்டையில் முற்றுப்புள்ளிக்கு வேலை மாறிவிட்டது. வரி உடைந்தாலே வாக்கியம் முடிந்தது என்று தெரிந்துவிடுகிறது. அதனால் புள்ளி வைத்தால் அது வேறு ஏதோ சொல்கிறது. பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 2015இல் வெளியிட்ட ஆய்வில், புள்ளி வைத்த ஒரு சொல் பதில்களை மனசில்லாமல் சொன்னதாக வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள். கையால் எழுதிய சீட்டில் அதே பதிலுக்கு அந்த வித்தியாசம் வரவில்லை. போன மாதம் நீ அவனுடைய 'யுவர்' எழுத்துப்பிழையை எல்லோர் முன்னும் நட்சத்திரக் குறி போட்டுத் திருத்திய பிறகு, அவன் 'ஓகே.' என்று பதில் போட்டான். தம்பி எப்போதாவது புள்ளி வைத்துப் பார்த்திருக்கிறாயா? ஒழுங்காக எழுதக் கற்றுக்கொண்டான் என்று நீ நினைத்திருப்பாய். அதற்குப் பிறகு அவன் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. பெரியப்பா விஷயத்தில் இப்படித்தான் ஆரம்பித்தது, உனக்கே தெரியும்.

மிஷிகன் பல்கலைக்கழகத்தில் 2016இல் இன்னொரு ஆய்வு வந்தது. வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடும் விளம்பரத்துக்கு வந்த பதில்களைப் படிக்கக் கொடுத்தார்கள். 'டு', 'டூ' மாதிரிப் பிழைகளை வைத்து எழுதியவரைக் கடுமையாக மதிப்பிட்டவர்கள், பிறரோடு இணங்கிப் போகும் குணம் குறைந்தவர்கள் என்று தெரிந்தது. உன்னைச் சொல்லவில்லை. சின்ன வயதில் அவன் கட்டுரை நோட்டை எல்லாம் நீதான் படித்துக் காட்டுவாய், அவன் இங்கிலீஷே உன் இங்கிலீஷ்தான். அதனால்தான் முதலில் உனக்கு அனுப்பினான். எனக்கு அனுப்பவில்லை, கவனித்தாயா?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சிவப்புக் கோடு போட்ட கோப்பை விட்டுவிடு. அவன் முதலில் அனுப்பியதை எடுத்துப் புதுப் பெயரில் சேமித்து, தேதி, அலகு, அட்டவணை எண், 'எஃபெக்ட்' இவற்றை மட்டும் மறுபடி திருத்து. 'ஆஃப்டர் கூலிங்' வரிக்கு மாற்று வரி ஒன்றைப் பக்கத்தில் எழுதிக் காட்டு. 'மே ஹேவ்', பட்டியல் கமா இரண்டையும் கேள்வியாகப் போடு. 'தவறு' என்ற சொல் ஓரக் குறிப்பில் எங்கும் வேண்டாம். 'ஹூம்' இருந்த இடத்தில் ஒன்றும் எழுத வேண்டாம், அவன் வைத்த 'ஹூ' தானாகத் திரும்பி வந்துவிடும்.

கடைசித் தேதி இந்த மாதம் 28. அதற்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடப் பார்க்கிறான். கோப்பை என் வழியாக அனுப்பாதே, அவனுக்கே அனுப்பு. அதற்கு முன், சேதமானது எல்லா மாதிரிகளுமா, சிலதா என்று அவனிடம் கேட்டாக வேண்டும். அவனைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. எழுதிக் கேட்காதே, போன் போட்டுக் கேள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் எடுப்பான்.

அன்புடன்,
அம்மா